நகரிக்குக் கிடைக்காத ஏப்ரல் முதல் தேதி

ஏப்ரல் முதல் தேதி என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளிக்கிற நாள். அரசாங்கத்துக்குப் புது வருஷக் கணக்கு தொடங்குகிற நாள். அதனாலோ என்னவோ, மேலே இருப்பவர்கள் எதை மாற்றுவதானாலும் அந்தத் தேதியையே பிடித்தார்கள். அணாவை எடுத்துவிட்டு நயா பைசாவைக் கொண்டுவந்ததும் ஓர் ஏப்ரல் முதல் தேதியில்தான். அன்றைக்கு என் வீட்டுக்காரர் தன் சைக்கிள் கடையில் வாடகைக்கு வந்தவர்களோடெல்லாம் தொண்டை கட்டும்வரை வழக்காடிவிட்டு வந்து, "இந்தத் தேதியே நமக்கு ஆவாது மே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து அதே தேதியில் திருத்தணி சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தது. எங்கள் நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

அவர் கடை ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில், எங்கள் வீட்டு முன்பக்கத்திலேயே இருந்தது. வாடகைச் சைக்கிள், பஞ்சர், காற்று, சின்னச் சின்ன ரிப்பேர். கல்யாணமான புதிதில் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் செயினும் ஸ்போக்கும்தான். நான் திருத்தணியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது என் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஜில்லா. ஆந்திராவைத் தனி ராஜ்ஜியமாகப் பிரித்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. தமிழ் பேசுகிற ஊர்களை மெட்ராசோடு விடவேண்டும் என்று திருத்தணியிலும் நகரியிலும் புத்தூரிலும் கிளர்ச்சி கிளம்பியது. ஒரு சாயங்காலம் யாரோ இரண்டு சைக்கிள் இரவல் கேட்டு, அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். சைக்கிள்கள் மறுநாளே கடைக்கு வந்துவிட்டன. அவர் மனசு வரவில்லை.

அதற்கப்புறம் வந்த வருஷங்களை நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது. எந்த நேரமும் வீட்டில் ஆட்கள். வேட்டி சட்டைக்காரர்கள், மாணவர்கள், வாயில் வெற்றிலையோடு ஊர் பெரியவர்கள். உப்புமா கிண்டி இறக்கினால் அடுத்த வண்டியில் இன்னும் நாலு பேர் வந்து நிற்பார்கள். சுவரில் ஒட்டும் பசையை என் அடுப்பிலேதான் காய்ச்சினார்கள்; அந்த வாடை சோற்றுப் பானையிலும் ஏறிக்கொண்டது. ரயிலை மறிக்கப் போய் அவர் தண்டவாளத்தில் படுத்தார். பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். அப்போது எனக்கு வயிற்றில் மூத்தவள். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, முட்டிபோட முடியாமல் நின்றபடியே காற்றடித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா மட்டும் தினமும் வந்து பம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். "நுவ்வு கூர்ச்சோ வதினா," நீ உட்கார் அண்ணி என்பாள். எந்த ஊர் எந்த ராஜ்ஜியத்துக்குப் போகவேண்டும் என்று அவள் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் பேசவில்லை. பேசுவதற்கு எங்கள் இருவருக்கும் மூச்சு மிச்சமிருந்ததில்லை.

அவர் வெளியே வந்தார். மறுபடியும் கூட்டம், மறுபடியும் ஊர்வலம். கடைசியில் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசி, நடுவில் ஒருவர் தீர்ப்பு மாதிரி ஒன்று சொல்லி, முடிவாயிற்று. காப்பி ஹோட்டல் ரேடியோவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூட விடாமல் உள்ளே வந்து நின்றார்.

"இன்னாங்க ஆச்சி?" என்றேன்.

"திருத்தணி வந்துச்சி."

"நம்மளுது?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். எப்படி ஆட்டினார் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒங்க அம்மா ஊடு மெட்ராசு. நம்ம ஊடு ஆந்திரா. புருஷனும் பொஞ்சாதியும் ஆளுக்கொண்ணா பிரிச்சிக்கினோம்," என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சத்தியவேடு பக்கத்துத் தமிழ் ஊர்கள் சில, இதுவரை மெட்ராசில் இருந்தவை, அதற்குப் பதிலாக ஆந்திராவுக்குப் போகின்றன என்பதையும் அப்புறம் சொன்னார். அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஏப்ரல் முதல் தேதி அன்று காலையிலேயே திருத்தணியிலிருந்து ஆட்கள் காரோடு வந்தார்கள். மலை அடிவாரத்தில் விழா, நீங்கள் மேடையில் இருக்கவேண்டும் என்றார்கள். அவர் முடியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்ளே வந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார். "நீயும் வா மே. ஒங்க அம்மாவ பாத்துட்டு வந்துடலாம்." காரில் வரமாட்டேன், ரயிலில் வருகிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டார். மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வண்டி நகரியை விட்டதிலிருந்து அவர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தார். நிலக்கடலைக் கொல்லைகள் காய்ந்து கிடந்தன. கிணற்றடியில் மாடுகள். பொன்பாடி வந்தது, வண்டி நின்றது, புறப்பட்டது. எதிரே இருந்த ஒரு காய்கறிக்காரம்மா, "இன்னா நைனா அப்பிடி பாத்துக்கினு வர்ற? ஏதாச்சும் வுழுந்துடிச்சா?" என்று கேட்டாள்.

"எங்க மாறுதுன்னு பாக்கறேம்மா."

"இன்னா மாறுது?"

"ஆந்திரா முடிஞ்சி மெட்ராசு ஆரம்பிக்கிற எடம்."

அவளும் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் கொல்லைதான் கீது," என்றுவிட்டு கூடையைக் கால்களுக்கு இடையில் இழுத்துக்கொண்டாள்.

திருத்தணியில் தெருவெல்லாம் மாவிலைத் தோரணம். ஆளாளுக்குக் கற்கண்டு கொடுத்தார்கள். யாரோ ஒருவர் என் மகன் வாயில் இரண்டு கட்டியைத் திணித்துவிட்டுப் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலில் பெண்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஒரு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒருவர் பேசி முடித்தால் இன்னொருவர். எல்லை மீண்டது, வெற்றி கிடைத்தது என்று ஒவ்வொருவரும் சொல்லும்போதும் கைதட்டல். மேடையில் என் வீட்டுக்காரர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நகரியிலிருந்து வந்த தியாகி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள். அவர் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். பிறகு, "நான் சாயங்கால வண்டியில ஆந்திராவுக்குத் திரும்பிப் போவணும். அதனால சீக்கிரம் முடிச்சிக்கறேன்," என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் அப்படியே நின்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள். அது மெல்ல மெல்லப் பின்னால் போய், பந்தல் முழுவதும் அமைதியாயிற்று. "எல்லாரும் நல்லாருங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவசரமாக ஒரு சால்வையைப் போர்த்தி, அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டார்கள்.

என் அம்மாவும் அண்ணனும் பந்தலுக்கே வந்திருந்தார்கள். அண்ணன் எங்களை ஓரமாகக் கூட்டிப்போய், "மாப்ள, இன்னும் எதுக்கு அங்க? பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு எடம் பாத்து வெச்சிக்கீறேன். கடைய இங்க போட்டுடுங்க. தங்கச்சியும் அம்மாவாண்ட இருக்கும்," என்றார்.

அம்மா பக்கத்தில் இருப்பாள். பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நான் ஒரு பகலாவது படுப்பேன். யார் எந்த ராஜ்ஜியத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பொருட்டே இல்லை. சரி என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. "வேணாம் மச்சான். நகரில அத்தினி பேரு இருந்துக்கினு, நான் மட்டும் தாண்டி வந்துட்டா, அப்புறம் இன்னாத்துக்கு நான் தண்டவாளத்துல படுத்தேன்?"

"படுத்தது போதும் மாப்ள. புள்ளைங்கள பாருங்க."

"அதுங்க அங்கதான் பொறந்துச்சி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரை எதிர்த்துப் பேசப் பயந்து அல்ல; எழுந்து நின்று சண்டை போடுகிற அளவுக்கு என்னிடம் அன்றைக்குத் தெம்பு இல்லை. சால்வையை மகன்மேல் போர்த்தி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவர் எனக்கு இரண்டடி முன்னாலேயே போனார்.

நகரி வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டம்மா மூத்தவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு ஊட்டி வைத்திருந்தாள். "ஏமி வதினா, மெட்ராசு சூசி வச்சினாரா?" என்றாள். மெட்ராசைப் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று அவள் கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. "சூசேம்," பார்த்தோம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்து உட்காரவைத்து, ரசம் சோறு போட்டாள். அவர் வெளியே கடைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். உள்ளே வரவில்லை.

அதன்பிறகு பிழைப்பைப் பார்த்தோம். பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள். வேலை வேண்டுமென்றால் வேறு வழியில்லை. நவம்பர் முதல் தேதி ஆந்திரப் பிரதேசம் பிறந்த நாள் என்று பள்ளிக்கூடத்தில் ஊர்வலம் விடுவார்கள். அதற்குச் சைக்கிள் அவர் கடையிலிருந்துதான் போகும். சக்கரத்தில் கலர் காகிதம் சுற்றிப் பிள்ளைகள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் குனிந்து ஒவ்வொன்றுக்கும் காற்றடிப்பார். "இன்னாப்பா, நீயே காத்தடிக்கிறியா?" என்று போகிறவர்கள் சீண்டினால், "புள்ளைங்க வுழுந்துடக் கூடாதில்ல," என்பார். ஒரு வருஷம் எங்கள் மூத்தவளே அந்த விழா மேடையில் தெலுங்கில் பாடினாள். நல்ல குரல். பள்ளிக்கூட வாசல்படியில் நின்று கேட்டுவிட்டு, "சுருதி சேந்து கீது," என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் முதல் தேதி வந்தால் திருத்தணி கார் வரும். வருஷா வருஷம் போனார். பேசச் சொன்னால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாராம். கொண்டுவந்த சால்வைகளைப் பெட்டியில் போட்டேன். பாதியைப் பாச்சை அரித்தது. மிச்சத்தைக் குளிர்நாளில் பேரப்பிள்ளைகள் போர்த்திக்கொண்டார்கள். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, காரில் வருகிற முகங்கள் மாறின. கடைசித் தடவை வந்தவன் மீசை அரும்பிய பையனைவிடக் கொஞ்சம் பெரியவன். எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்கவே அரைநாள் அலைந்திருக்கிறான்.

"ஐயா, போராட்டம் நடக்கச்சொல்ல நீங்க திருத்தணில எந்தத் தெரு?" என்று கேட்டான்.

"நான் திருத்தணி இல்ல. இந்த ஊருதான்."

அவன் குழம்பிப்போனான். "இது ஆந்திரா ஆச்சே ஐயா. நீங்க எதுக்கு அதுல சேந்தீங்க?"

நகரிக்காகவும்தான் கேட்டோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. "சும்மாதான் நைனா. கூப்ட்டாங்க, போனேன்," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு அவன் தோளைப் பிடித்தபடி காரில் போய் ஏறினார். வெயிலில் போய்வந்ததோ வயசோ, அந்த மாதம் முழுக்கக் காய்ச்சல். மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பாடையைத் தூக்கிய நாலு பேரில் பக்கத்து வீட்டம்மாவின் மகன் ஒருவன்.

அடுத்த ஏப்ரலில் அதே பையன் மறுபடியும் வந்தான். அவர் இடத்தில் நீங்கள் வந்து சால்வையை வாங்கிக்கொள்ளவேண்டும் என்றான். நான் வரவில்லை என்றேன்.

"எங்கமேல எதுனா வருத்தமாம்மா?"

"வருத்தம்லாம் இல்ல நைனா. அலுப்பா கீது."

அவனுக்கு அது விளங்கியதோ இல்லையோ, தலையை ஆட்டினான். மோர் கொடுத்தேன், குடித்தான். இந்தத் தேதியில் பொன்பாடி எல்லைச் சாவடியில் லாரிகளை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள், வெயிலுக்கு முன்னால் கிளம்பு என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே போய் அரிசியைக் களைந்தேன்.