குடலா, இரைப்பையா?

என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. படுத்தாலே மூச்சு முட்டும் அளவுக்கு உடம்பு. ஆஸ்பத்திரித் தராசு போதாமல், எங்கள் தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில்தான் அவளை நிறுத்தோம். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்றார் கொழும்பு டாக்டர். இரண்டு விதமான ஆபரேஷன் இருந்தது. குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுவது ஒன்று. வழக்கம்போல் சாப்பிடலாம், உடம்பில் ஒட்டாது. ஆனால் ஓயாமல் வயிற்றால் போகும். இரைப்பையைச் சிறிதாக்குவது மற்றது. ஒரு கைப்பிடிக்கு மேல் சோறு இறங்காது. இரண்டிலும் உயிருக்கு ஆபத்து உண்டு. எது வேண்டும் என்று மகளைக் கேட்டார்.

"குடல்தான் டாக்டர்," என்று நான் முந்திக்கொண்டேன். தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை நான்; வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஏம்மா, அவரு என்கிட்டதானே கேட்டாரு?"

"சாப்பிடாம எப்படிடி இருப்ப?"

"நாள் முழுக்க கக்கூசுக்கு ஓடுனா, பிள்ளைக் காம்பராவுல இருக்கிற புள்ளைகள யாரு பாக்குறது? கொழுந்தெடுக்கப் போற தாய்மாரு என்னை நம்பித்தானே விட்டுட்டுப் போறாங்க. நான் சாப்பிடாம இருந்துருவேம்மா. நீங்கதான் சோறு போடாம இருக்க மாட்டீங்க."

இரைப்பையே போதும் என்று அவளே டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்வரை நான் உட்காரவில்லை.

பிழைத்து வந்தாள். இப்போது நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். 'இன்னும் கொஞ்சம்' என்று வாய்வரை வருகிறது. கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு, அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.