ஐவி டிராண்டர் கொடுத்த ஆண் குழந்தை

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஐவி டிராண்டர் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் பக்கத்து வாரப் பத்திரிகை ஒன்றில் பிறப்பு, இறப்பு அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர் கையெழுத்து இல்லாமல் பதினெட்டு வருஷத்தில் ஒரு பிறப்பைக்கூட அச்சேற்றியதில்லை. அந்தப் பிடிவாதக்காரியை எங்கள் பொய்க்காரக் கூட்டத்தில் எந்தப் புண்ணியவான் கொண்டுவந்து சேர்த்தானோ!

எங்கள் பிரிட்டிஷ் ரகசிய வானொலி ஜெர்மன் நிலையம்போல வேஷம் கட்டும். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்காரர்களுக்குப் பாட்டுப் போட்டு, நடுவில் வீட்டுச் செய்தி சொல்லி வாழ்த்தும். அதை நம்பியவன் அடுத்து வரும் பொய்யையும் விழுங்குவான். செய்திகளை உளவுத்துறையிலிருந்து கமாண்டர் கேரிக் கொண்டுவருவார். ஐவி அட்டையில் ஏற்றிக் கையெழுத்துப் போடுவாள். நான் அடுத்த மேஜையில் தட்டச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த சீட்டு: எய்லெர்ட் ஹார்ம்ஸ் என்ற மாலுமிக்கு எம்டன் ஊரில் பெண் குழந்தை. சொன்னவன் அவன் மைத்துனன் ஃபோக்கோ, எங்களிடம் இருந்த போர்க்கைதி. தங்கையின் கடிதம் வந்ததும், தாய்மாமன் ஆன குஷியில் விசாரணை அதிகாரியிடம் உளறிவிட்டான்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கேப்டன் லைல் துள்ளினார். "இன்னைக்கே போட்ருவோம்!"

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்றாள் ஐவி.

"பச்சக்குழந்தை விஷயம்மா. இதுல என்ன ராணுவ ரகசியம்?"

"நாளைக்குப் புதுசா பிடிபடுறவன் 'ரேடியோல கேட்டேன்'னு முகாம்ல சொல்லுவான். வாயைத் திறந்தது யாருன்னு கூட இருக்கிற கைதிங்க கண்டுபிடிக்க மாட்டாங்களா? போன மாசம் காட்டிக்கொடுத்தான்னு ஒருத்தன் கழுத்தை நெரிச்சாங்களே, அதுக்குள்ள மறந்துபோச்சா?"

லைல் கேரிக்கைப் பார்த்தார். "உங்க கைதி. நீங்களே சொல்லுங்க."

"உங்களோட ஒத்துப்போகணும்னு மேலிடத்து உத்தரவு. வேண்டாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல" என்று கேரிக் தேநீரைக் கலக்கினார். ஒத்துழைப்பு என்றால் இதுதான்!

"நாலு நாள் தர்றேன். அப்புறம் உங்க கையெழுத்தே வேண்டாம்" என்று லைல் போய்விட்டார்.

சுவீடன் வழியாக வரும் ஜெர்மன் பத்திரிகைக் கட்டுகளை ஐவி கிளறத் தொடங்கினாள். அச்சில் வந்த செய்தி என்றால் யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஃபோக்கோ மேல் பழி வராது. மூன்றாம் நாள் கிடைத்தது. எம்டன், ஹார்ம்ஸ் தம்பதிக்கு ஆண் குழந்தை!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "பெத்தவ பொண்ணுன்னு எழுதியிருக்கா. பத்திரிகைல எவளோ தூங்கி வழிஞ்சிருக்கா."

பெண் என்று சொன்னால் கடிதத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆண் என்றால் பத்திரிகையைப் பார்த்துச் சொன்னதாகும். அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆண் குழந்தைன்னே போடுங்க" என்று கையெழுத்திட்டாள்.

ஐந்து மாதம் கழித்து கேரிக் இன்னொரு சீட்டு கொண்டுவந்தார். கடலிலிருந்து மீட்கப்பட்ட மாலுமி ஒருவன் சொன்னது. மகன் பிறந்ததாக ரேடியோவில் கேட்ட ஹார்ம்ஸ், தன் பங்கு பிராந்தியை எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்து, பையனுக்குப் பெயரும் வைத்தானாம். கப்பல் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்களில் அவன் இல்லை.

"ஃபோக்கோ?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கான். முகாம்ல உருளைக்கிழங்கு நட்டுக்கிட்டிருக்கான்."

அவர் போனதும் ஐவி என் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. "பையன்னு நெனச்சுக்கிட்டே செத்திருக்கான்டி. நான் சொன்ன பொய். நாளைக்கு இதே மாதிரி இன்னொரு சீட்டு வந்தாலும் பொய்தான் சொல்லுவேன்."