வெட்டச் சொன்ன சுவர்

அந்த வெல்டரை ஊருக்குத் துரத்தியது நீங்கள்தான், இன்ஜினியர் சார். அவன் செய்த வெல்டிங் அல்ல.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காக மூன்று மாடி இரும்புச் சட்டம் எழுப்பினோம். நான் சைட் சூப்பர்வைசர். தூணுக்கும் தூணுக்கும் நடுவே கான்கிரீட் ஊற்றிச் சுவராக அடைத்தோம். சட்டத்தின் இணைப்புகளையும், ஊற்றுவதற்கு முன், கான்கிரீட்டை இரும்பு பிடித்துக்கொள்ள, தூண் ஓரமெல்லாம் சின்ன இரும்பு முளைகளையும் பற்றவைத்தவன் அவன்தான்.

கடை திறந்த பிறகு கடைக்காரர் குளிர் அறைக்கு வாசல் கேட்டார். கீழ்த்தளச் சுவரை நீங்கள் விரலால் தட்டினீர்கள்.

"வெயிட்டெல்லாம் இரும்பு தாங்குது. இது சும்மா அடைப்பு. வெட்டிடுங்க."

வெட்டும்போது ரம்பம் முளைகளில் பட்டுத் தீப்பொறி பறந்தது. உடனே போன் செய்து, சும்மா அடைப்புக்கு முளை எதற்கு, வரைபடத்தை ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சினேன். வேலையை நிறுத்தாதே என்றீர்கள்.

எடையை இரும்பு தாங்கும், சரி. பக்கவாட்டில் தள்ளினால்? அதைத் தாங்கியது அந்த அடைப்புதான். அது போனதும், குறுக்குக்கட்டை கழன்ற பெஞ்சு மாதிரி ஆடியது கட்டடம். மேல்மாடியில் கதவுகள் சிக்கின. சமையல்காரர் என்னை மாவரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினார்.

"நின்னு பாருங்க அண்ணே. கப்பல்ல இட்லி சுடுற மாதிரி இருக்கு லா."

நீங்கள் வந்து பார்த்தீர்கள். ஒரு இணைப்பைக்கூடச் சோதிக்காமல், வெல்டிங் பலவீனம் என்று அறிக்கை எழுதினீர்கள். அந்த வாரமே அவன் வேலை பெர்மிட் ரத்தானது. உட்லண்ட்ஸ் தொழிலாளர் விடுதியில் அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது போனேன்.

"என் வெல்டிங் விட்டுச்சாண்ணே? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

இருந்தேன். வாய் திறக்கவில்லை. என் வேலையும் போய்விடும் என்ற பயம். அந்தக் கேவலம் என்னுடையது. அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

அவன் போன பிறகுதான் இணைப்புகளைச் சோதித்தார்கள். ஒன்றிலும் விரிசல் இல்லை. வாசலை அடைத்து, முளை வைத்து மறுபடி கான்கிரீட் ஊற்றினோம். ஆட்டம் நின்றது. உங்கள் அறிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஊரிலிருந்து அவன் இங்கே எந்தக் கம்பெனியில் வேலை கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அடுத்த வாரம் பொறியாளர்கள் கூட்டத்தில் கட்டடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசப்போகிறீர்களாம். நானும் வருவேன். உங்கள் பேச்சு கிடக்கட்டும். அந்தச் சுவரை வெட்டச் சொன்னது யார்? மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் அதற்குப் பதில் சொல்லுங்கள்.