வட்டமிட்ட விமானம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு அந்த விமானம் வட்டமிடத் தொடங்கியது.

மகன் நீர்மூழ்கிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, விமானங்களின் பாதையைக் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டேன். நீருக்கடியில் இருப்பவனை எதுவும் காட்டாது. மேலே பறப்பதையாவது பார்க்கலாம் என்றுதான். பத்தொன்பது நாளாக அவனிடமிருந்து அழைப்பு இல்லை. கடலுக்குள் போனால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அன்று வெகுதூரக் கடலில் ஒரு ராணுவ விமானம், போகுமிடம் குறிப்பிடாமல், ஒரே இடத்தைச் சுற்றியது. எட்டுச் சுற்றுக்குமேல் நான் எண்ணவில்லை. அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்று தெரியாதவளுக்கு எல்லாக் கடலும் அவன் இருக்கும் கடல்தான்.

மீனவர்கள் வாழும் எங்கள் காசிமேட்டுத் தெருவில் கடலின்மேல் விமானம் சுற்றினால் ஒரே அர்த்தம்: ஆளைத் தேடுகிறார்கள். நான் பட்டம் படித்தவள், பள்ளி அலுவலகத்தில் வேலை. ஆனாலும் எனக்கும் அந்த அர்த்தம்தான் தோன்றியது. பக்கத்து வீட்டு நாத்தனாரிடம் காட்டினேன்.

"இன்னா அண்ணி, இப்டி சுத்திகினு கீது?" என்றாள்.

சற்று நேரத்தில் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தாள். என்னைக் கேட்காமலே அடுப்பை அணைத்தாள். ஆளைத் தேடும் வீட்டில் உலை வைப்பதில்லை. அக்கம்பக்கம்தான் சோறு தரும். கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் கணவரைத் தேடிய மூன்று நாளும் நான்தான் கொண்டுபோனேன். நான்காம் நாள் உடல் கிடைத்தது.

சேதி கேட்டு ஐஸ் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓடிவந்த என் கணவர், "அந்தக் கருமத்த ஏன் போன்ல வெச்சிகினு கீற?" என்று திட்டினார். திட்டியபடியே எண்ணூரில் தெரிந்தவர் ஒருவரை அழைத்தார். நீர்மூழ்கியில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் வரும்வரை தெருப் பெண்கள் எங்கள் வாசலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஒன்றரை மணிக்கு எண்ணூர்க்காரர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கைபேசியை வாங்கிப் பார்த்தார்.

"இது நம்ம நாட்டு பிளேனே இல்லம்மா. பின்னால கிலோமீட்டர் கணக்குல ரேடியோ ஏரியல் ஒயர் வுட்டுகினு போவும். நேராப் போனா ஒயரு படுத்துக்கும். சுத்திகினே இருந்தாத்தான் கீழ தொங்கும், தண்ணிக்கு அடீல கீற அவங்க கப்பலுக்கு சேதி போவும். யாரையும் தேடல."

"அப்போ என் புள்ள?"

"அவன் எங்க கீறான்னு எனக்கும் தெரியாதும்மா," என்றார். "நீர்மூழ்கி எங்க கீதுன்னு வெளிய தெரிஞ்சாத்தான் தப்பு."