டாக்டரம்மா கேட்டு வாங்கிய சுக்குத்தண்ணீர்

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவிக்கு மழைநாளில் சளி பிடித்தது. வழக்கமான சளி என்றுதான் இருந்தோம். திடீரென்று குளிர் காய்ச்சல், விலாவில் குத்து. துப்பினால் துரு நிறத்தில் கோழை. பயந்துபோய் லேடி டாக்டரை அழைத்து வந்தேன்.

வந்ததும் அவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதுகில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டினார். மேலே 'டம் டம்' என்றது. வலது பக்கம் கீழே 'தொத்' என்று அடங்கிவிட்டது. எண்ணெய் டின்னைத் தட்டியே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுகிற கடைக்காரனுக்கு அது புரியாதா? உள்ளே நெஞ்சில் சளி நிறைந்து கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"நிமோனியா அண்ணாச்சி. நல்ல வேளை, இப்ப இதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா தண்ணி நெறையக் குடிக்கணும். இல்லைன்னா அந்த மாத்திரையே மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காயில போய் அடைச்சிரும்" என்றார். லேசில் கிடைக்காத சல்பா மாத்திரையை எங்கெங்கோ சொல்லிவிட்டு அவரே வரவழைத்தும் கொடுத்தார்.

மறுநாள் கூப்பிடாமலே வந்து நின்றார். மனைவியின் நாக்கு வறண்டு கிடந்தது. நான் கடையில் இருந்த நேரமெல்லாம் என் அம்மா ஒரு மடக்குக்கு மேல் தண்ணீர் கொடுக்கவில்லை!

"நெஞ்சுச் சளிக்குப் பச்சத்தண்ணி குடுத்தா சன்னி வந்துரும்லா, தாயி! நான் எப்படிக் குடுப்பேன்?" என்று அம்மா அழுதேவிட்டாள்.

வந்த கோபத்தில் நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா கையமர்த்தினார். "சரிம்மா, பச்சத்தண்ணி வேண்டாம். சுக்குத்தண்ணி குடுக்கலாம்லா?"

"அது மருந்துல்லா! எவ்வளவும் குடுக்கலாமே!"

"அப்ப கடைக் கருப்பட்டியப் போட்டு, நல்லாத் தண்ணியா, ஒரு பானை நெறைய வைங்க. நீங்கதான் பக்கத்துல இருந்து குடுக்கணும்."

பானை கொதித்து ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். முதல் டம்ளரைத் தானே கேட்டு வாங்கி ஊதி ஊதிக் குடித்து, "நல்லாருக்கும்மா" என்றார். அப்புறம் அம்மாவைக் கேட்கவேண்டுமா? தூங்கினவளை எழுப்பி எழுப்பிப் புகட்டினாள். காய்ச்சல் இறங்கியது. அதன் பிறகும் மாத்திரையை நிறுத்த டாக்டரம்மா விடவில்லை. கடைசியாக ஒருநாள் முதுகைத் தட்டியபோது கீழேயும் 'டம்' என்று கேட்டது. நான் கடைக்குள் போய்த் தனியாக அழுதேன்.

மருமகளைப் பிழைக்க வைத்தது தன் சுக்குத்தண்ணீர்தான் என்று அம்மா கடைசிவரை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவிடமே ஒருநாள் சொன்னாள். அவர் சிரிக்காமல், "ஆமாம்மா" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.