பொய் துறந்த கல்யாணத் தரகர்

சு. காந்திமதிநாத பிள்ளை (1856–1919). தச்சநல்லூரில் குடியிருந்தவர், கல்யாணத் தரகர். சாதகத்தில் பொருத்தம் இரண்டு குறைந்தால் அவற்றைத் தாமே சேர்த்துக்கொடுத்து, ஐம்பத்திரண்டு வயதுவரை தொழில் நடத்தினார்.

1908 சித்திரையில் அவ்வூரில் பரோபகார சங்கம் ஒன்று தோன்றியது. திருச்செந்தூருக்கு நடந்து செல்வோருக்கு நீர்மோர் வழங்குவதும், நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அதன் பணிகள். உண்மையே பேசுவது, இரு தரப்பாருக்கும் ஒப்ப நடப்பது என்று உறுப்பினர் இரண்டு உறுதிகள் எடுக்கவேண்டும். பொய் சொன்னவர் மறுநாள் ஆற்றுப் படித்துறையைத் தேய்த்துக் கழுவவேண்டும். மோர் குடிக்கப் போன பிள்ளையவர்கள், கூட்டத்தின் உற்சாகத்தில் உறுதியும் எடுத்துவிட்டார். முதல் மாதத்தில் மட்டும் பதினெட்டு நாள் படித்துறை கழுவினார். பிறகு நாக்கு வசப்பட்டது. வசப்பட்டதுதான் வினையாயிற்று.

அவருடைய உண்மையால் மகள் சண்முகசுந்தரிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. ஆவணியில் மூன்றாவதாகப் பாளையங்கோட்டைத் தில்லைநாயகம் பிள்ளை, மனைவி பார்வதியம்மாளுடன் தம் மகனுக்குப் பெண் பார்க்க வந்தார். இதுவும் தவறினால் தாம் பிறந்தகம் போய்விடுவதாக மனைவி பிரம்மநாயகி அறிவித்திருந்தார்.

“இன்னைக்கு ஒரு பொழுது வெத்தலைய வாயில அடக்கிக்கிட்டு இருங்க. எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுங்க,” என்றார்.

அவரும் அடக்கிக்கொண்டார். பெண் தேவாரம் உருக்கமாகப் பாடுவாள் என்று பிரம்மநாயகி சொல்ல, தில்லைநாயகம் தரகர் பக்கம் திரும்பினார். தலையாட்டினாலும் பொய் பொய்தானே? பிள்ளையவர்கள் வெற்றிலையை அப்படியே விழுங்கினார்.

“பாடுவா அண்ணாச்சி. ஆனா ஒரு பதிகம் முடியதுக்குள்ள தெரு நாயெல்லாம் கூடச் சேர்ந்துக்கிடும்.”

உள்ளறையில் சண்முகசுந்தரி சிரித்துவிட்டாள். தில்லைநாயகத்துக்கு வேறொன்று உறைத்தது. இருபத்தாறு ஆண்டுகளுக்குமுன் அவருடைய கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் இதே தரகர்தான்.

“அப்ப, இவ நல்லாச் சமைப்பான்னு அன்னைக்குச் சொன்னீரே, வே?”

“அது பொய். இவுகளுக்கு அப்ப அடுப்பு எங்கன இருக்குன்னே தெரியாது.”

பார்வதியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவுகளுக்குக் கோவமே வராதுன்னு எங்க அப்பாட்டச் சொன்னீகளே?”

இரு தரப்பாருக்கும் ஒப்ப நடக்கவேண்டுமல்லவா? “அதுவும் பொய்தான், தாயி.”

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தனர். முதலில் பார்வதியம்மாளின் தோள் குலுங்கியது. பிறகு தில்லைநாயகம் சிரிப்புத் தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார். வாசலில் வண்டிக்காரர் மாடக்கண்ணு கயிற்றை விட்டுவிட்டுச் சிரிக்க, மாடுகள் பாதித் தெருவுக்கு வண்டியை இழுத்துச் சென்றன.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பார்வதியம்மாள், பெண்ணின் மற்றக் குறைகளையும் கேட்டார். தகப்பனார் நான்கு சொன்னார். சண்முகசுந்தரி தானே வெளியே வந்து, அவர் விட்டுவிட்ட இரண்டையும் சேர்த்தாள்.

“எம்மவனும் லேசுப்பட்டவன் இல்ல. உப்பில்ல, புளியில்லன்னுக்கிட்டே மூணு தடவ சோறு வாங்குவான்,” என்றார் பார்வதியம்மாள்.

“வாங்கட்டும், அத்தை,” என்றாள் சண்முகசுந்தரி.

அங்கேயே தாம்பூலத் தட்டு மாறியது. செய்தி பரவியதும் பிள்ளையவர்களைத் தேடி வருவோர் பாதியாகக் குறைந்தனர். வந்தவர்களோ தங்கள் குறைகளைச் சொல்லிவிட்டே பாயில் உட்கார்ந்தனர். அவர் கடைசியாக ஒரு சம்பந்தம் பேசி முடித்தது 1919ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9ஆம் தேதி.