அம்மா துணி காயப்போடும்போது நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன்

பிள்ளைகளா, போன வாரம் வீடியோ காலில் என்னைத் திட்டினீர்கள். தோள்வலியோடு அம்மா துணி காயப்போடுகிறாள், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார் என்று. பார்த்தால் அப்படித்தான் தெரியும். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு வலது தோள் வலிக்க ஆரம்பித்தபோது, பள்ளிக் கேண்டீனில் பெரிய சட்டியைத் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்தோம். தைலம் தேய்த்தோம், கோயோக் பிளாஸ்திரி ஒட்டினோம். உருவிவிடும் மலாய்க்கார அம்மா ஒருவரிடமும் போனோம். அவர் தொட்டதும் இவள் போட்ட அலறலில் அவரே பயந்து, டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நான்தான் தள்ளிப்போட்டேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: வலிக்கிற கைக்கு வேலை கொடுக்கக்கூடாது. ரப்பர் தோட்டத்தில் என் அம்மா வலியோடுதான் பால்வாளி தூக்கினார். என் மனைவிக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். துணி, சமையல் எல்லாம் நானே பார்த்தேன். தலைகூட நானே வாரிப் பின்னிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "என்னா மச்சான், சலூன் தொறந்துட்டியா? எனக்கும் ஒரு சடை போடேன் லா!" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று மாதத்தில் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவில்லை. நான் பிடித்துத் தூக்கினாலும் பூட்டுப் போட்டதுபோல நின்றது. ஒருநாள் அடுப்படியில் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, இந்தக் கை இனிமே இவ்ளோதானா?" மறுநாளே கிளம்பினோம்.

அம்மாவைப் போல இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது உண்டு என்று சொல்லி, டாக்டர் எங்களை ஈப்போவில் பிசியோவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தது நம் தமிழ்ப் பெண்.

"வீட்ல யாரு தல சீவி விடுறது, அக்கா?"

அம்மா தாடையால் என்னைக் காட்டினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, மனசு நல்ல மனசுதான். ஆனா அக்கா கைய நீங்களே கட்டிப் போட்டுட்டீங்க."

தோள் மூட்டைச் சுற்றிப் பை போல ஒரு சவ்வு இருக்கிறதாம். அது வீங்கி வலிக்கும்போது, வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் இன்னும் சுருங்கி இறுகிவிடுமாம்.

"அப்ப நான் செஞ்சதெல்லாம் தப்பா?" என்றேன்.

"பின்னுன சடையும் கோணல்தான்," என்றாள் அம்மா. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தோளில் போட வேண்டும். பிறகு குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏற வேண்டும். தாங்குகிற வலி பரவாயில்லை, சுரீரென்றால் நிறுத்திவிட வேண்டும். தோள் குணமாக ஒரு வருடம்கூட ஆகலாம். இதெல்லாம் அவளுக்கு. எனக்குச் சொன்னது, அவள் வேலையை அவளே செய்யவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். முதல் நாள் ஒரு துண்டைக் கொடியில் போட அவள் பட்ட பாட்டைப் பார்த்து எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க லா! கை என்னோடது!"

உட்கார்ந்தேன். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

இப்போது அவள் விரல்கள் சுவரில் நெற்றி உயரம் ஏறுகின்றன. முதுகுப் பக்கம் இன்னும் போகவில்லை. தீபாவளிக்கு வரும்போது, மேல்தட்டு டப்பாவுக்கு அவள் கை நீட்டினால் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். முகத்தைச் சுளிப்பாள், யாரையாவது திட்டுவாள், அநேகமாக என்னைத்தான். அவளே கேட்டால் உதவுங்கள். இதுவரை என்னிடம் ஒருமுறைதான் கேட்டிருக்கிறாள், அதுவும் அரிசி மூட்டைக்கு.